நாற்பது டிகிரி மூலை

வத்தலக்குண்டு பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். பக்கத்து இருக்கையில், நிலத்தைப் பாகம் பிரித்துக்கொண்ட அண்ணனும் தம்பியும்.

"அண்ணே, என் பங்குல மூணு மூலையும் சேந்து முந்நூத்தி இருபது டிகிரி. நாலாவது மூலைக்கு மிச்சம் நாப்பதுதான். அந்த இடுக்குல டிராக்டர் எப்படித் திரும்பும்?"

நானும் விரல்விட்டுக் கழித்துப் பார்த்தேன். எனக்கு அறுபது வந்தது; பள்ளிக்கூடத்திலிருந்தே என் கணக்கு அப்படித்தான்.

"வழக்கப்படி பிரிச்சது நான், மொதல்ல எடுத்தது நீ. அன்னைக்கு இந்தக் கணக்கு எங்கலே போச்சு?"

"அந்த மூலையை மறைச்சு வைக்கோல் போரு போட்டிருந்தியேண்ணே!"

"பெறகு வேற எங்க போடுறது? அங்கதான் டிராக்டரே திரும்பாதே."

தம்பி எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய்விட்டார். அண்ணன் சற்று நகர்ந்து, அந்த இடத்தில் உட்காரும்படி எனக்குக் கண்ணைக் காட்டினார்.