கெஸ்ட் 4471

அம்புரோஸ்: ராஜாவ வெச்சிகினு குந்திகீறான் பாரு. ராஜாவ. இவனெல்லாம் ஆட வரலன்னு யாரு அழுதா...

ஜானட்: அண்ணே, நான் வந்து கால் மணி நேரம் ஆவுது.

அம்புரோஸ்: குந்து ஜானட்டு. உங்க அண்ணி மாவு அரைக்கப் போயிருக்கா, வந்து டீ போடுவா. ஐய... ராணியும் வெச்சிருக்கான்.

ஜானட்: பத்திரிக கொண்டாந்திருக்கேன். சாண்ட்ரா கல்யாணம். ஞாயித்துக்கிழம.

அம்புரோஸ்: இப்ப ஜாக்கியும் வெச்சிட்டான் பாரு.

ஜானட்: உன் தம்பி பொண்ணு சாண்ட்ரா.

அம்புரோஸ்: யாருன்னு எனக்குத் தெரியும். அங்க வெய்யி. இந்த ஆட்டம் முடியட்டும்.

ஜானட்: போன்ல அப்பிடி இன்னா ஆட்டம்? ரம்மியா?

அம்புரோஸ்: ரம்மி இல்ல, போக்கரு. அதுலயும் தலகீழ் போக்கரு. அஞ்சு சீட்டு. யாரு கைல சின்ன சீட்டா கீதோ அவன்தான் ஜெயிப்பான். ஜோடி சேரக் கூடாது. வரிசயும் சேரக் கூடாது. ராஜா, ராணி, ஜாக்கி வந்தா கீழ போட்டுட்டு வேற வாங்கணும். சின்னப் புள்ளைக்குச் சொன்னாக்கூடப் புரியும்.

ஜானட்: துட்டு வெச்சா?

அம்புரோஸ்: அதெல்லாம் நிறுத்திட்டாங்களே. இது பொம்மக் காசு. காலைல ஆயிரம் குடுப்பான், தீந்துச்சின்னா அன்னிக்கு அவ்ளோதான், எழுப்பி வுட்டுடுவான். அத்த வுடு. இந்த ஆளப் பாரு. கெஸ்ட் நாலாயிரத்து நானூத்தி எழுபத்தி ஒண்ணு. ஒரு பேரு வெக்கக்கூடத் தெரியல. ரெண்டு, மூணு, நாலுன்னு தங்கமா வந்திருக்கும் போல, அத்த எல்லாம் கீழ போட்டுட்டு ராஜா ராணியப் பொறுக்கி வெச்சிக்கறான்.

ஜானட்: புதுசா இருப்பாரு.

அம்புரோஸ்: ரெண்டு மாசமா புதுசாவே கீறானா? நானும் தக்காளி அடிச்சிப் பாத்துட்டேன்.

ஜானட்: தக்காளியா?

அம்புரோஸ்: இதுல பேச முடியாது. படந்தான் அனுப்பலாம். தப்பா ஆடினா மூஞ்சில தக்காளி அடிக்கலாம். நான் தக்காளி அடிச்சா அவன் எனக்கு ரோசாப்பூ அனுப்பறான். தலைல அடிச்சிக்கலாம் போல கீது.

ஜானட்: சரி, பத்திரிகயப் பிரி. கல்யாண ஓல மூணு வாரமும் கோயில்ல படிச்சிட்டாங்க. மொத வாரம் சாமியாரு படிக்கறப்ப நீ எழுந்து வெளிய போயிட்டியாமே?

அம்புரோஸ்: மூச்சு முட்டிச்சி. ஃபேனு ஓடல.

ஜானட்: ரெண்டாவது வாரம்?

அம்புரோஸ்: அப்பவும் ஓடல... யப்பா சாமி, சீட்டப் போடுடா. ஒரு சீட்டு மாத்த முப்பது செகண்டு குடுக்கறான்னா முப்பதும் எடுத்துக்கணுமா? கப்பல்ல இருந்து கண்டெய்னர நான் இதுக்குள்ள எறக்கி வெச்சிருப்பேன்.

ஜானட்: உனுக்கு எதுலயும் காத்துகினு இருக்கத் தெரியாது. அதான் வெனையே.

அம்புரோஸ்: ஆரம்பிச்சிட்டியா?

ஜானட்: நான் ஆரம்பிக்கல. அம்மா செத்தப்ப ஒரு நாள் காத்திருந்தா சின்னண்ணன் கடல்ல இருந்து கரைக்கு வந்திருக்கும். அம்மா மொகத்தப் பாத்திருக்கும். ஐஸ் பொட்டி வாடகைக்கு எடுத்தாச்சி. அதுல இன்னொரு நாள் இருந்தா அம்மா இன்னா கோச்சிகினா போவும்? நீ சாயங்காலமே எடுத்துட்ட.

அம்புரோஸ்: நாலு வருசமா இதுக்குப் பதில் சொல்லிகினு கீறேன். மீனவர் சங்க ஆபீசுக்குப் போயி அவன் போட்ட ஒயர்லெஸ்ல கூப்பிட்டேன். கொரகொரன்னு சத்தந்தான் வந்துச்சி. அவன் எங்க கீறான், எப்ப வருவான், ஒண்ணும் கேக்கல. கேக்காத ஆளுக்கு எத்தினி நாளு காத்திருக்கறது?

ஜானட்: சரி சரி, கத்தாத.

அம்புரோஸ்: கத்தல. இப்ப பாரு, சீட்டு வந்துச்சி.

ஜானட்: ரெண்டு, மூணு, நாலு, ஆறு, ஏழு. இது நல்லதா?

அம்புரோஸ்: நல்லதாவா? இதுக்கு மேல ஒரே ஒரு கைதான் கீது. மாசத்துல ஒரு தபா வந்தா பெருசு.

ஜானட்: அப்ப நீதான் ஜெயிச்ச... ஏண்ணே, ஏன் சீட்டக் காட்டாம கவுத்துட்ட?

அம்புரோஸ்: கை பட்டுடுச்சி.

ஜானட்: அதுக்கு முன்ன ஆட்டத்துலயும் கை பட்டுச்சி. நான் பின்னால நின்னு பாத்துகினுதான் இருந்தேன்.

அம்புரோஸ்: வயசாவுது. வெரலு தடுக்குது.

ஜானட்: முப்பது வருசம் கிரேன் ஓட்டின வெரலு. அந்தரத்துல ஒரு சாண் தள்ளாம பொட்டிய எறக்கும்னு பெருமையடிச்ச வெரலு. ஜெயிக்கற சீட்ட ஏண்ணே கவுக்கற?

அம்புரோஸ்: ...அவனுக்குக் காசு நூத்தி இருவதுதான் மிச்சம் கீது. இந்தக் கைய நான் காட்டினா அவன் காலி. எழுப்பி வுட்டுடுவான். நாளைக்குத்தான் வர முடியும்.

ஜானட்: வரட்டுமே. உனுக்கு இன்னா?

அம்புரோஸ்: இன்னாவா? இவன்கிட்ட தோக்கறதுக்கு நான் படற பாடு உனுக்குத் தெரியாது. ஜெயிக்கறது சுளுவு. தோக்கத்தான் முடியல. ஏழுல நின்னா ஜெயிச்சிடுவேன்னு ஒன்பதுக்குப் போனா, அவன் ஜாக்கிய வெச்சிகினு நிக்கறான். நானும் ஜாக்கிக்குப் போனா அவன் ராஜாவுக்குப் போறான். இவனவிடக் கேவலமா எப்பிடி ஆடறதுன்னே தெரியல. கவுக்கறதத் தவிர வேற வழி இல்ல.

ஜானட்: யாரோ ஊரு பேரு தெரியாத ஆளுக்காக...

அம்புரோஸ்: தெரியாதுன்னு யாரு சொன்னா? இவன் மொதல்ல வந்தது ஏப்ரல் பதினஞ்சி. மீன்பிடித் தட ஆரம்பிச்ச அன்னிக்கி. காசிமேட்டுல போட்டு எல்லாம் கட்டிட்டாங்க, அன்னிக்கே மத்தியானம் மூணு மணிக்கு வந்து குந்திட்டான். அப்பால ஒரு நாளு தவறல. பொடிய எல்லாம் தள்ளிட்டுப் பெருச மட்டும் எடுத்து வெக்கறான். வலையக் கொட்டின ஒடனே தளத்துல மீனு பிரிக்கறவன் பழக்கம் அது. சின்னதுக்கு மதிப்புன்னா அவன் கை நம்பாது. தம்பி அலெக்ஸாண்டரு பதிமூணு வயசுல இருந்து மீனு பிரிக்கறான். எனக்குத் தெரியாதா?

ஜானட்: எப்ப கண்டுபுடிச்ச?

அம்புரோஸ்: ரெண்டாவது நாளு. நீதான அவன் போன்ல இந்த ஆட்டத்தப் போட்டுக் குடுத்த?

ஜானட்: ஆமா. தெரியாத மாரிதான் உன்கிட்ட கேட்டேன். உன் மேச நம்பர அண்ணிதான் சொல்லிச்சி.

அம்புரோஸ்: ரெண்டு பேரும் சேந்துதான் என்ன டபாய்க்கறீங்களா...

ஜானட்: பேசத்தான் மாட்டீங்க, எதுர எதுரயாவது குந்தட்டும்னு பண்ணோம்.

அம்புரோஸ்: குந்திகினுதான் கீறோம். ஞாயித்துக்கிழம ராத்திரியோட தட முடியுது. போட்டு கெளம்பிடும். அப்பால மூணு மணிக்கு இந்த மேசைல யாரு வருவா?

ஜானட்: அதனாலதான் சொல்றேன், கல்யாணத்துக்கு வா. கோயில்ல பக்கத்துல நில்லு. ஒரு வார்த்த பேசு.

அம்புரோஸ்: வந்தா அவன் மூஞ்சத் திருப்பிப்பான். ஊரு பாக்கும்.

ஜானட்: திருப்பாது. ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே?

அம்புரோஸ்: சொல்லு.

ஜானட்: சின்னண்ணனுக்கு ஆட்டம் மொத வாரத்துலயே வந்துடுச்சி.

அம்புரோஸ்: வந்த லட்சணந்தான் பாக்கறனே.

ஜானட்: நெசமாத்தான். மொத வாரம் நீ சொன்ன மாரி தெரியாம ராஜாவ வெச்சிகிச்சி. அப்பறம் சாண்ட்ரா சொல்லிக் குடுத்துட்டா. சின்னண்ணனே என்கிட்ட சொல்லிச்சி, "ஆட்டத்துல கிரேன்னு பேரு வெச்சிகினு, மூணாவது செகண்டுல அவசர அவசரமா சீட்டப் போடறவன் ராயபுரத்துல வேற எவன் கீறான்?"னு.

அம்புரோஸ்: அவனுக்கு... நான்தான்னு தெரியுமா?

ஜானட்: தெரியும். நீ தோத்துட்டா ரோஷத்துல எழுந்து போயிடுவியாம். அதுக்குத்தான் ராஜாவத் தேடித் தேடி வெச்சிகினு கீது. வூட்டுல ஒரே பொலம்பல். "நான் தோக்கலாம்னு பாத்தா இவன் கவுத்துகினே கீறான், இன்னா மனுசன் இவன், பேஜாருடா"ன்னு. அண்ணே, உன் முற வந்திருக்கு. நேரம் ஓடுது.

அம்புரோஸ்: ஓடட்டும். ஜானட்டு... அவனுக்கு ஒண்ணு தெரியாது. உனுக்கும் தெரியாது.

ஜானட்: இன்னாது?

அம்புரோஸ்: அன்னிக்கி ஒயர்லெஸ்ல சத்தம் மட்டும் வரல. அவன் பேசினான். "விடியறதுக்குள்ள வந்துடுவேன், அதுவரைக்கும் அம்மாவ எடுக்காதண்ணே"ன்னான். நல்லா கேட்டுச்சி. சரின்னு சொல்லிட்டு வந்தேன். வந்தா வாசல்ல கூட்டம், சாமியாரு வந்து நிக்கறாரு, சவப்பொட்டி வந்து நிக்குது, எல்லாரும் எப்ப எப்பன்றாங்க. எனக்குப் பொறுக்கல. ஒண்ணும் கேக்கலன்னு சொல்லிட்டேன். அத்தத் தெரிஞ்சிகினா அவன் என் பக்கத்துல நிப்பானா?

ஜானட்: நீ சரின்னு சொன்னது சின்னண்ணனுக்கும் கேட்டுச்சிண்ணே. நாலு வருசமா யாருகிட்டயும் சொல்லல, போன வாரந்தான் என்கிட்ட சொல்லிச்சி. தெரிஞ்சிதான், கைக்கு வர்ற சின்ன சீட்ட எல்லாம் கீழ போட்டுகினு கீது.