ஊறல் தண்ணீர்

காபி வேண்டாம், இன்ஸ்பெக்டர். நான் வெளியில் எதுவும் குடிப்பதில்லை. அந்த ஜன்னலை மட்டும் சாத்தச் சொல்லுங்கள். கடல்காற்று எழும்பிவிட்டால் எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்வதில்லை. நான் நின்றபடியே சொல்கிறேன். நீங்கள் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள், தவறாக நினைக்க மாட்டேன்.

என் பெயர் தேசிங்கு. அரியாங்குப்பத்தில் ஆற்றோரம் இருக்கிற ஆதிமூலம் ரைஸ் மில் எங்களுடையது. ஆதிமூலம் என் தகப்பனார். பிரெஞ்சுக்காரன் காலத்தில் அவர் தொடங்கியது. மாசிமகத்தன்று எங்கள் ஊர்ச்சாமி கடலாட இறங்கும்போது முதல் பரிவட்டம் எங்கள் வீட்டுக்குத்தான். உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். சாமிக்குச் சாத்திய பட்டுத் துணியை ஒருவன் தலையில் கட்டுகிறார்கள் என்றால், இவன் கை சுத்தம், இவன் வீடு சுத்தம் என்று ஊரே ஒப்புக்கொள்கிறது என்று அர்த்தம். அப்பாவுக்குக் கட்டினார்கள். பிறகு எனக்கு. என் சித்தப்பா மகன் கலியபெருமாள் பல வருஷமாக அந்தத் துணியைப் பார்த்து எச்சில் விழுங்கிக்கொண்டிருக்கிறான்.

நீங்கள் புழுங்கல் அரிசிதானே சாப்பிடுகிறீர்கள்? நெல்லைத் தொட்டியில் ஊறப்போட்டு, அவித்து, காயவைத்து அரைக்கிறோம். ஊறின தண்ணீரை வெளியே விட வேண்டும். ஒரு ராத்திரி போனாலே மஞ்சளாகி நாறும். அப்பா காலத்தில் எங்கள் கொல்லையிலேயே ஒரு குட்டை வெட்டி அதில் விட்டார். ஆற்றில் ஒரு சொட்டு விடக்கூடாது, அது சாமி இறங்குகிற தண்ணீரோடு போய்ச் சேருகிறது என்பார். நான் மில்லைப் பெரிதாக்கியபோது குட்டை போதவில்லை. பின்பக்கம் தரைக்கு அடியில் ஒரு தொட்டி கட்டி, கான்கிரீட் மூடி போட்டு, அங்கிருந்து ஆற்றுக்குக் குழாய் பதித்தேன். குழாய் வாய் தாழம்புதருக்குள் இருக்கிறது. வெளியே தெரியாது. வீட்டுப் பெண்கள் குளிக்கிற இடத்துக்கு மறைப்பு கட்டுவதில்லையா, அதுபோலத்தான்.

சுனாமிக்கு அடுத்த வருஷம், ஆறு கடலில் சேருகிற இடத்தில் சிலம்பரசன் வந்து கொட்டகை போட்டான். டவுன் பக்கம் சாரம் என்கிற ஊர்ப் பையன். அவன் அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்து, ஆலை மூடியதும் வீட்டோடு இருந்தவர். இவன் யாரோ வெள்ளைக்காரனிடம் விண்ட்சர்ஃபிங் கற்றுக்கொண்டிருந்தான். பலகையில் பாய் கட்டி, அதன் மேல் நின்று, காற்றைப் பிடித்துத் தண்ணீரில் ஓடுவது. லாஸ்பேட்டையிலிருந்து காலேஜ் பிள்ளைகள் ஸ்கூட்டரில் வருவார்கள். வெளிநாட்டுக்காரர்களும் வருவார்கள். மில் மாடியிலிருந்து பார்த்தால் கலர் கலராகப் பாய்கள் தெரியும். அழகாகத்தான் இருக்கும். நான் மறுக்கவில்லை.

பிறகு நாற்றம் என்று பேச்சுக் கிளம்பியது. தண்ணீரில் நுரை கட்டுகிறது, விழுந்து எழுந்தால் உடம்பெல்லாம் அரிக்கிறது, காதில் சீழ் வருகிறது என்றார்கள். பூர்ணிமா என்று ஒரு பெண் தண்ணீரைக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எல்லோரும் டவுன் சாக்கடை என்று நினைத்தார்கள். நானே கொம்யூன் பஞ்சாயத்துக்குப் போய், டவுன்காரர்கள் நம் ஆற்றைக் கெடுக்கிறார்கள் என்று சத்தம் போட்டேன். பொய் சொல்லவில்லை. அவர்களும் கெடுக்கத்தான் செய்கிறார்கள்.

ஜன்னலைச் சாத்திவிட்டார்களா? சரி. இன்னும் எங்கிருந்தோ அந்த வாடை வருகிறது. உங்களுக்கு வரவில்லையா? பரவாயில்லை.

மாசிமகத்துக்குச் சில நாள் இருக்கும்போது சிலம்பரசன் என்னைத் தேடி வந்தான். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வளர்ப்பு நல்ல வளர்ப்பு.

"ஐயா, ஒரு விஷயம். என் பாயைக் கழுவறப்போ பாத்தேன். அடியில நெல்லுத் தோலு ஒட்டியிருக்குது. மோந்து பாத்தா டவுன் சாக்கடை வாசம் இல்ல. புளிச்ச ஊறல் தண்ணி வாசம்."

"அரிசி எல்லார் வீட்டிலும் கழுவுறாங்க தம்பி" என்றேன்.

"கழுவுறாங்க ஐயா. நெல்லோடவா கழுவுறாங்க?" என்று சிரித்தான். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். "தப்பா எடுத்துக்காதீங்க. யார்கிட்டயும் சொல்லல. பெரியவரு மானம் போயிடக்கூடாதுன்னுதான் மொதல்ல உங்ககிட்ட வந்தேன். தீர்த்தவாரி அன்னிக்கு சனமெல்லாம் கொழந்தையோட வந்து அங்கதான் முங்கும். அதுக்குள்ள அடைச்சிட்டீங்கன்னா எனக்குப் போதும்."

"அடைச்சிட்டா நீ பேச மாட்டியே?"

அவன் யோசித்தான். அங்கேதான் பிசகியது. "நானா போய்ச் சொல்ல மாட்டேன் ஐயா. ஆனா ஆஸ்பத்திரியில கெடந்த அந்தப் பொண்ணோட அப்பா கேட்டுக்கிட்டே இருக்காரு. அவரு மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்ல வராது."

பையன் ஒளிவுமறைவு இல்லாதவன். அதை நான் மதிக்கிறேன். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். அவன் வாயைத் திறந்தால் என்ன ஆகும்? சாமி வருஷா வருஷம் ஆதிமூலம் வீட்டுக் கழிவில் முழுகி எழுந்தது என்று ஆகும். அந்தத் தண்ணீரைத்தான் ஊர் தலையில் தெளித்துக்கொண்டது என்று ஆகும். அதே வீட்டுக்காரன் தலையில் பட்டுத் துணி. செத்துப்போன என் அப்பாவையும் சேர்த்துக் காறித் துப்புவார்கள்.

வெள்ளிக்கிழமை வா, மில் லீவு, எங்கிருந்து போகிறது என்று நீயே பார்த்துவிடு, உன் கண் முன்னாலேயே அடைத்துவிடுகிறேன் என்றேன். அவன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

வெள்ளிக்கிழமை வாட்ச்மேன் அம்மாவாசையை மோட்டார் பெல்ட் வாங்க டவுனுக்கு அனுப்பினேன். பெல்ட் உண்மையாகவே தேய்ந்திருந்தது.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தத் தொட்டி கட்டின புதிதில், சேறு வார பக்கிரி என்ற ஆளை இறக்கினோம். உள்ளே காற்று கெட்டிருக்கும் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. ஏணியில் பாதி இறங்கும்போதே அவன் கை விட்டுப்போயிற்று. கத்தக்கூட இல்லை. மாரடைப்பு என்று ஊரில் சொன்னோம். அவன் மனைவி அஞ்சலாட்சிக்கு இன்றைக்கும் எங்கள் மில்லிலிருந்து அரிசி போகிறது. ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. எங்களை நம்பினவர்களை நாங்கள் விட்டதில்லை.

சிலம்பரசன் சொன்ன நேரத்துக்கு வந்தான். மூடியை நானே கடப்பாரை போட்டு நெம்பித் தள்ளினேன். "வுடுங்க ஐயா, இந்த வயசுல எதுக்கு, நான் தள்றேன்" என்றான். வேண்டாம் என்றேன். எங்கள் மில் மூடியை எங்கள் வீட்டு ஆள்தான் திறக்க வேண்டும்.

அவன் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தான். "குழாய் எந்தப் பக்கம் ஐயா போவுது?"

"கிழக்கே. மேலேருந்து பாத்தா தெரியாது. இறங்கிப் பார்" என்றேன். பார்த்து இறங்கு தம்பி, வழுக்கும் என்றும் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எச்சரிக்கை செய்யாமல் நான் அவனை இறக்கவில்லை.

"கடல்லயே நிக்கிறவன் ஐயா நானு. தொட்டியிலயா வழுக்கி வுழுவேன்?" என்றான். நனைந்துவிடும் என்று செல்போனை என் கையில் கொடுத்தான்.

பக்கிரி போன மாதிரிதான் போனான். சத்தம் இல்லை. தண்ணீர் ஒரு தடவை அலம்பியது, அவ்வளவுதான்.

செல்போன் அடித்தது. சுடர்விழி என்று பெயர் வந்தது. அவன் கட்டின பெண் என்று பிறகுதான் தெரிந்தது. நான் எடுக்கவில்லை. அடுத்தவர் போனை எடுத்துப் பேசுவது எங்கள் வீட்டுப் பழக்கம் இல்லை. விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருந்தது. செல்போனை அவன் செருப்புப் பக்கத்தில், வெயில் படாத இடமாகப் பார்த்து வைத்தேன். மூடியை மட்டும் மூடவில்லை. உள்ளே ஆள் இருக்கும்போது மூடுவது முறையல்ல. பிறகு வீட்டுக்குப் போய்க் குளித்தேன். மறுபடியும் குளித்தேன். அன்றிலிருந்து என்ன சோப்புப் போட்டாலும் இந்தக் கைகளில்... அது போகட்டும்.

அம்மாவாசை திரும்பி வந்து பார்த்துக் கத்தினான். நீங்கள் வந்தீர்கள். விசாரித்தீர்கள். வாட்ச்மேன் சுத்தம் செய்யத் தொட்டியைத் திறந்தவன் கவனக்குறைவாக மூடாமல் போய்விட்டான், தெரியாமல் வந்த ஆள் விழுந்துவிட்டான் என்று எழுதிக்கொண்டு அம்மாவாசையைப் பிடித்துப் போனீர்கள். பேப்பரிலும் அப்படியே வந்தது. பராமரிப்பு இல்லாத மில் என்று போட்டிருந்தான். என் மகன் வடிவேலுக்குப் பெரிய நிம்மதி. "அப்பா, விபத்துன்னே போவட்டும். கம்முனு இருங்க" என்றான். குழாயைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் இருந்துவிட்டேன். நேற்று வரைக்கும் கம்மென்றுதான் இருந்தேன்.

நேற்று தீர்த்தவாரி. சாமி இறங்கியது. கரை நிறைய சனம், முழங்கால் தண்ணீரில் குழந்தைகள். ஒரு பாய்கூட இல்லை. கொட்டகை பூட்டிக் கிடந்தது. குருக்கள் பட்டுத் துணியை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். நான் தலை குனிந்தேன். அப்போது பின்னாலிருந்து கலியபெருமாள் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னான்:

"சாமி, பாத்துக் கட்டுங்க. தொட்டிக்கு மூடி போடத் தெரியாதவரு. தலைக்குக் கட்டினத எங்கயாவது வுட்டுட்டு வந்துடப்போறாரு."

சிரித்தார்கள். பெண்கள்கூடச் சிரித்தார்கள். குருக்களின் உதட்டு ஓரத்திலும் பார்த்தேன். பரிவட்டம் எனக்குத்தான் கட்டினார்கள். ஆனால் அது தலையில் நிற்கவில்லை, இன்ஸ்பெக்டர். வீடு வந்து சேர்வதற்குள் எத்தனை தடவை தொட்டுத் தொட்டுப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. ராத்திரி முழுக்க வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். விடிந்ததும் வடிவேலிடம் சொல்லாமல் இங்கே வந்துவிட்டேன்.

அம்மாவாசையை விடுவதும் வைத்துக்கொள்வதும் உங்கள் இஷ்டம். அவனுக்காக நான் வரவில்லை. அந்தப் பெண் சுடர்விழி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை வரும்போதே பார்த்தேன். அவளுக்கும் மாதா மாதம் அரிசி அனுப்ப ஏற்பாடு செய்கிறேன்.

நீங்கள் எழுதியதில் ஒரே ஒரு வார்த்தைதான் தப்பு. அதை அடித்துவிடுங்கள். தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துதான் அவனை வரச்சொன்னேன். தெரிந்துதான் வாட்ச்மேனை அனுப்பினேன். மூடியைத் திறந்தது நான், இறங்கச் சொன்னதும் நான். அப்பா காலத்திலிருந்து இன்றுவரை எங்கள் மில்லில் கவனக்குறைவாக எதுவும் நடந்ததில்லை.