காலியாகும் கத்திப்பெட்டி

— மடியில இருக்கிறத எடுத்து மேசையில வையுங்க. அப்புறம் சாயா தாறேன்.

— என்ன அமுதா, இது வீடா போலீஸ் ஸ்டேஷனா? வேலைக்குப் போயிட்டு வர்ற ஆளு. மடியில என்ன இருக்கும்? பீடி, தீப்பெட்டி.

— கத்தி?

— அதும் இருக்கும். பின்னே? கொடௌனுக்குப் போக ஆரம்பிச்ச நாள்ல இருந்து கத்தி இல்லாம இந்த ராமர் வெளிய எறங்கினதுண்டா? மிளகுச் சாக்கு தையல் பிரிக்கணும், கயிறு அறுக்கணும், மாங்கா கிடைச்சா சீவணும். மட்டாஞ்சேரியில பாதிப் பேரு என்னைப் ‘பிச்சாத்தி ராமர்’னுதான் விளிப்பாங்க.

— அந்தப் பிச்சாத்தியத்தான் காட்டச் சொல்லுதேன். காலையில எருமைக்கொம்புப் பிடி போட்டதை மடியில சொருகிட்டுப் போனிய. நான் பாத்தேன்.

— அது... கொடௌன்ல மறந்து வச்சிட்டேன்.

— நேத்து பித்தளைப் பிடி. அதும் கொடௌன்லயா? மீன் மாதிரி வளைஞ்சிருக்குமே, அது எங்க? பெட்டியைத் தொறந்து பாத்தேங்க. ஜூ டவுன்ல பழைய சாமான் கடை ஒண்ணு விடாம ஏறி எறங்கி வாங்குவிய. துருவைத் தேச்சு, எண்ணெய் விட்டு, பச்சைப் பிள்ளை மாதிரி துணியில சுத்தி வைப்பிய. என்னைக் கூடத் தொட விட மாட்டிய. இப்பப் பெட்டியில வெறும் துணிதான் கெடக்கு.

— நீ எதுக்குப் பெட்டியைத் தொறந்த?

— ஏன், தொறக்கக் கூடாதா?

— கேக்கறேன். என்ன எடுக்கத் தொறந்த?

— பேச்சை மாத்தாதிய. ஆட்டோ ஓட்டுற விக்கி மத்தியானம் வந்தான். வாட்டர் மெட்ரோ போட் ஜெட்டியில உங்களைத் தனியா நிறுத்தி வச்சிருந்தாங்களாமே. மிஷின்ல கத்தி தெரிஞ்சு, சுத்தி நாலு பேரு நின்னு விசாரிச்சாங்களாமே. ‘அக்கா, அண்ணனுக்கு என்ன பிரச்சினை’ன்னு கேக்கான். எனக்கு மொகம் எங்க வைக்கதுன்னு தெரியல.

— அது ஒண்ணுமில்ல. கத்தியோட போட்டுல ஏற முடியாதுன்னாங்க. திரும்பி வந்து பஸ்ல போனேன்.

— எங்க போனிய?

— எரணாகுளம்.

— வேலை நாள்ல எரணாகுளத்துல என்ன வேலை? கொடௌன் அங்க மாறிடுச்சா?

— சும்மா ஒரு ஆளப் பாக்கப் போனேன், அமுதா.

— சும்மா போற ஆளு கத்தியோட போவானா? போயிட்டு கத்தி இல்லாம வருவானா? போன வாரம் எவனோ சந்தைப் பக்கம் ஒருத்தனைக் குத்திப் போட்டுட்டு ஓடிட்டான். இன்னும் ஆளு கெடைக்கல.

— அதுக்கும் எனக்கும் என்ன?

— அதை நீங்கதான் சொல்லணும்.

— அமுதா! என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. நான் ஒருத்தனைக் குத்துவேனா?

— குத்த மாட்டிய. கோழி அறுக்கக் கூட என்னைத்தான் கூப்பிடுவிய. ஆனா கத்தியெல்லாம் எங்க போகுதுன்னு தெரியலையே. தெரியாதப்ப மனசு போகக் கூடாத எடமெல்லாம் போகுது. யாருக்கோ பயந்து கொண்டு போய்க் குடுக்கியளோ, எவளுக்காவது குடுக்கியளோ...

— எவளுக்காவதா! கத்தி கொடுத்தா எவ வருவா? சஜிகிட்ட இருக்கு எல்லாம். எரணாகுளத்துல கலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பஞ்சர் கடை வச்சிருக்கானே, நம்ம பழைய சஜி. அவன் கடையில ஒரு தகரப் பெட்டியில வச்சிருக்கான்.

— பொய். சஜிக்கு நான் ஃபோன் போட்டேன். ‘எனிக்கொந்நும் அறியில்ல சேச்சி’ன்னான், அவனுக்கு ஒண்ணும் தெரியாதாம்.

— நான்தான் சொல்ல வேண்டாம்னேன்.

— யாருகிட்டயும் சொல்லாதன்னியளா?

— உங்கிட்ட.

— எங்கிட்ட மட்டுமா? ஏங்க?

— சாயா எங்க?

— இந்தா இருக்கு. கேட்டதுக்குப் பதிலு.

— முதல்ல நீ ஒரு வாய் குடி.

— என்னது?

— எனக்கு முன்னால, இந்தக் கிளாஸ்ல இருந்து ஒரு வாய் குடி, அமுதா.

— என்ன பேச்சு பேசுதிய?

— சாயா கசக்குது. இன்னைக்கு நேத்தில்ல, கொஞ்ச நாளாவே. நான் குடிக்கிறதே இல்ல. நீ அடுக்களைக்குத் திரும்பினதும் ஜன்னல் வழியா ஊத்திடுவேன். போய்ப் பாரு, அந்தச் செம்பருத்தி எப்படிக் கருகி நிக்குதுன்னு.

— அடப் பாவமே! கொதிக்கக் கொதிக்க சாயாவை ஊத்தினா எந்தச் செடிங்க நிக்கும்?

— நீ சிரிக்காத. என்ன கலக்கறே?

— முதல்ல கத்தி. ஏன் வீட்டை விட்டுக் கடத்துனிய? அதைச் சொல்லுங்க, நானும் சொல்லுதேன்.

— சொல்றேன். பின்னே, இனி மறைச்சு என்ன? ராத்திரி கண்ணு முழிச்சா நீ கட்டில்ல உக்காந்து என்னையே பாத்திட்டிருக்க. லைட் இல்ல, சத்தம் இல்ல, சும்மா பாத்திட்டிருக்க. நான் தூங்கற மாதிரி கண்ணை இறுக்கி மூடிக்குவேன். உங்கக்கா கமலாக்ஷி ஃபோன் பண்ணினா அடுக்களைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கற. நான் வந்தா பேச்சு நின்னுடும். அப்புறம் ஒரு நாளு மூக்குக் கண்ணாடியக் காணோம்னு மெத்தையைத் தூக்கினேன்.

— ஐயோ.

— என் தலைமாட்டுல, மெத்தைக்கடியில, என்னோட கறுப்புப் பிடிக் கத்தி. பெட்டிக்குள்ள இருந்தது. அதுவா நடந்து வந்துச்சா? அதை எடுத்துக் கொண்டு போயிட்டேன். மறுநாள் பாத்தா அதே எடத்துல வேற ஒண்ணு. நான் எடுக்க எடுக்க நீ வச்சிட்டே இருக்க. பெட்டி காலியானாத்தான் எனக்கு உசிரு தங்கும்னு சஜிகிட்டக் கொண்டு போய்க் கொடுத்தேன். அவ்வளவுதான்.

— நான் உங்களைக் குத்திப் போடுவேன்னா?

— நான் அப்படிச் சொல்லல.

— வேற எப்படி? பக்கத்துல படுத்துக்கிட்டு, நான் போட்ட சோத்தைத் தின்னுக்கிட்டு, மனசுக்குள்ள இதையா வச்சிருந்திய? கேட்டிருக்கலாம்லா. ‘ஏ அமுதா, இது எதுக்கு’ன்னு ஒரு வார்த்தை.

— நீ கேட்டியா? நீயும் விக்கிகிட்டயும் சஜிகிட்டயும்தானே கேட்ட?

— அது சரிதான்.

— சொல்லு. எதுக்கு வச்ச?

— படுக்கையில இரும்பு இருந்தா கெட்ட கனவு அண்டாதுன்னு எங்க ஊர்ல வைப்பாவ. அக்காதான் ஃபோன்ல சொன்னா. வீட்டுல தேடினா உங்க கத்திதான் கைக்குத் தோதா இருந்துச்சு. மடக்கித்தானே வச்சேன்? விரிச்சா வச்சேன்?

— மடக்கித்தான் இருந்தது.

— சாயாவுல போட்டது திருப்பூணித்துறை வைத்தியரு தந்த பொடி. தூக்கத்துக்கு. சொல்லிக் கொடுத்தா குடிக்க மாட்டிய, மருந்துன்னாலே ஓடுவிய. இந்தா பாருங்க, நானே குடிக்கேன்... ச்சீ, கசக்கத்தான் செய்யுது.

— மதி, மதி, போதும். வச்சிடு. முழுசும் குடிச்சிடாத. அப்போ கெட்ட கனவு உனக்கில்லையா?

— உங்களுக்குத்தான்.

— எனக்கா? நான் கனவே காண்றதில்ல. படுத்தா கட்டை மாதிரி கிடப்பேன்.

— நல்ல கட்டை! பக்கத்து வீட்டு மஞ்சுஷா சுவத்தைத் தட்டுதா, உங்க சத்தத்துல அவ பிள்ளை முழிச்சிருதுன்னு. மழையில கொடௌன் சுவரு சரிஞ்சுதே, அன்னையில இருந்துதான். தூக்கத்துலயே எந்திரிச்சு உக்காந்து, ரெண்டு கையையும் நீட்டி அலறுதிய. அப்புறம் அப்படியே சாஞ்சு குறட்டை விடுதிய. எனக்கு அதுக்கப்புறம் எங்க தூக்கம்? திரும்ப அலறுவியளோன்னு உங்களையே பாத்திட்டு உக்காந்திருப்பேன்.

— நெசமாவா? எனக்கு ஒண்ணுமே ஓர்ம இல்ல, ஞாபகமே வரல.

— எப்படி இருக்கும்? அன்னைக்கு நான் கொடௌனுக்கு வந்து சோத்துப் பாத்திரத்தை உங்க கையில கொடுத்திட்டு வாசப்படி தாண்டினேன். முதுகுக்குப் பின்னால தடதடன்னு சத்தம். திரும்பிப் பாத்தா ஒரே புழுதி. நீங்க எங்கன்னே தெரியல.

— என்கூட வேலை பாத்த சுஜித்தோட காலு அதுக்குள்ள மாட்டிக்கிச்சு. அவன் கையைப் பிடிச்சு நான்தான் இழுத்தேன். பாவம், இன்னும் ஊன்றுகோல்லதான் நடக்கறான். அவன் பேரத்தான் சொல்லிக் கத்தறேனா?

— அவன் பேரு ஒரு நாளும் வந்ததில்லங்க. ‘அமுதா, வெளிய ஓடு, வெளிய ஓடு’ன்னுதான் தெனமும் அலறுதிய.