நான் எறிந்த தோல் பை

ஓடுகிறோம். வெள்ளிக்கிழமை. பின்னேரம் நாலரை மணி. பனங்காணிக்கு மேலே ஹெலிகொப்டர். டட டட டட. "படுங்கோ! நிலத்திலை படுங்கோ!" யாரோ கத்துகிறார். அம்மா என் தலையை மண்ணில் அழுத்துகிறாள். ஷெல் வருகிறது. முதலில் விசில். பிறகு ஒரு சத்தமும் இல்லை. பிறகு நிலம் குலுங்குகிறது. நடுவில் வரும் அந்தச் சத்தமின்மைதான் கொடுமை. எல்லோரும் எழும்பினோம். தம்பி எழும்பவில்லை. அவன் பெயர் குமரன். ஆறு வயது. எனக்குப் பத்து.

அப்பா அவனை ஒரு வடலிப் பனைக்குக் கீழே கிடத்தினார். மண் போட நேரமில்லை. "வாங்கோ! திரும்பிப் பாக்காதேங்கோ!" நான் பார்த்தேன்.

யாழ்ப்பாணத்துத் தீவொன்றின் கரை. பத்துப் பேருக்கான வள்ளத்தில் பதினெட்டுப் பேர். இருட்டும் நேரத்தில் புறப்பட்டது. பாதிக் கடலில் தண்ணீர் உள்ளே வருகிறது. என் மடியில் இரண்டு பைகள். ஒன்று கறுப்புத் தோல் பை. "இதை விட்டுடாதை, பிள்ளை" என்று அம்மா தந்தது. மற்றது குமரனின் பள்ளிக்கூடப் பை. அதில் அவனுடைய சட்டை.

"பாரத்தை எறியுங்கோ! தாழப் போறம்! எறியுங்கோ!"

தோல் பையை எறிந்தேன். பதற்றத்தில் மாறி எறிந்தேன் என்று சொன்னால் எனக்கு வசதி. அது பொய். உள்ளே இருப்பது காகிதம் என்று தெரியும். பிறப்புப் பத்திரங்கள், அடையாள அட்டைகள், காணி உறுதி. தம்பியை ஒரு நாளில் இரண்டு முறை விட்டுவர என்னால் முடியவில்லை. அலை பறித்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் அதை நம்பியே செத்தாள்.

விடியற்காலை ஐந்தரை. கோட்டைப்பட்டினம், இந்தியக் கரை. கரையில் மீன்கூடையோடு நின்ற ஒரு பெண் வீட்டுக்கு ஓடிப் போய்க் கஞ்சி கொண்டுவந்தாள். "வா ஆத்தா, குடி. பயப்படாத. இங்கிட்டு யாரும் சுட மாட்டாங்க." உண்மைதான். சுடவில்லை. பெயர் எழுதிக்கொண்டார்கள்.

ஆலங்குடிக்குப் பக்கத்தில் அகதி முகாம். அங்கே மாதம் ஒருமுறை பெயர் கூப்பிடுவார்கள். வரிசையில் நின்று கை தூக்க வேண்டும். பத்து வயதில் தூக்கிய கையை இன்னும் தூக்குகிறேன். அந்த வரிசையில் பக்கத்தில் நின்றவரையே கட்டிக்கொண்டேன். பெயிண்டர். அவருடைய பத்திரங்கள் வீட்டோடு எரிந்தவை. நல்ல பொருத்தம்.

மகள் பிறந்தாள். புதுக்கோட்டையில், பெரியாஸ்பத்திரியில். யாழினி என்று பெயர் வைத்தோம். அவள் யாழ்ப்பாணத்தைப் பார்த்ததே இல்லை. பேச்செல்லாம் இந்த ஊர்ப் பேச்சு. நான் "பின்னேரம்" என்றால் சிரிப்பாள். நர்சிங் படித்தாள். வெளிநாட்டில் வேலை கிடைத்தது. பாஸ்போர்ட் கேட்டார்கள்.

இங்குள்ள அலுவலகத்தில் அவளை உட்காரவைத்தே சொன்னார்கள். "இங்க பொறந்தா மட்டும் பத்தாதும்மா. ஒங்க அப்பா அம்மா அந்த நாட்டு ஆளுங்க. நீங்க அங்கிட்டுத்தான் கேக்கணும்." சென்னைக்குப் போய் அந்த நாட்டுத் தூதரகத்தில் கேட்டோம். பெற்றவர்களில் ஒருவருடைய பிறப்புப் பத்திரமாவது வேண்டும் என்றார்கள். ஊருக்கு எழுதினோம். பதிவுப் புத்தகங்கள் போரில் அழிந்துவிட்டன என்று பதில் வந்தது. பழைய பத்திரம் கையில் இருந்தால் அனுப்பச் சொன்னார்கள். வேலை வேறு யாருக்கோ போனது.

தோல் பையை நானே எறிந்ததை அன்றுதான் அவளிடம் சொன்னேன். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில். ஆலங்குடி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. சொல்லாமல் இருந்திருக்கலாம். மகள் புரிந்துகொள்வாள் என்று நினைத்தது என் மடத்தனம்.

"ஒங்க தம்பி சட்டைய வச்சுக்கிட்டீங்க. என்னையத் தூக்கி எறிஞ்சிட்டீங்க" என்றாள்.

நீ அப்போது பிறக்கவே இல்லையே என்று கத்த வந்தது. கோபம் எனக்கு அவள் மேல் இல்லை. அவள் சொன்னதில் தப்பு இல்லையே என்றுதான் கோபம்.

அடுத்த வாரம் திருச்சிக்குப் போனாள். முகாமில் அனுமதி கேட்கவில்லை. துணிக்கடையில் வேலை, தோழிகளோடு அறை. ஒரு தோழிக்கு போன் செய்தேன். நான் யார் என்று சொல்வதற்குள் அந்தப் பெண் சொல்லிவிட்டாள். "யாழினிக்கு ஆலங்குடிதாங்க. பாவம், அம்மா இல்ல." நான் போனை வைத்தேன்.

முதல் மாதம் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். கை இல்லை. இரண்டாம் மாதமும் இல்லை. பெயர் கூப்பிடுபவர் என்னைத் தனியே அழைத்தார். கெட்ட மனிதர் இல்லை. "அடுத்த தடவ வரச் சொல்லுங்கம்மா. வரலைன்னா பேர அடிச்சிருவாங்க. அப்புறம் எந்த லிஸ்டுலயும் இருக்க மாட்டா." அவளுக்குப் போன் செய்து சொன்னேன்.

"அடிக்கட்டும்மா. அந்த லிஸ்டுல இருக்குற வரைக்கும் நான் அகதிதானே."

மூன்றாம் மாதம். திங்கட்கிழமை. காலை பத்து மணி பத்து நிமிடம். பெயரைக் கூப்பிட்டார். என்னைப் பார்த்தார். மறுபடி கூப்பிட்டார். உடம்பு சரியில்லை என்று ஒரு பொய் சொன்னால் இன்னும் ஒரு மாதம் தந்திருப்பார். பொய் எனக்குப் புதிதில்லை. சொல்லவில்லை. பேனா கோடு போட்டது. அதற்குச் சத்தமே இல்லை.

இழந்தவை. வீடு ஒன்று. கிணறு ஒன்று. முப்பத்திரண்டு பனை. பத்திரங்கள், நாங்கள் நால்வர் பிறந்ததற்கு.

இழந்தவர்கள். தம்பி குமரன், மண் போடவில்லை. அப்பா, முகாமில். அம்மா, முகாமில். மகள் யாழினி, உயிரோடு, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்.

மொத்தம் நால்வர்.