கல்வேலியில் நிற்காத கார்

யாக்கோப்பு: அமத்தியாச்சோ?

மாக்கிறேற்: ஆரைக் கேக்கிறது?

யாக்கோப்பு: ...வேலியைக் கேக்கிறன்.

மாக்கிறேற்: வேலி அமத்தேல்லையாம். வேலிக்குக் கை இல்லை.

யாக்கோப்பு: அங்காலை நிக்கிற ஆக்களுக்குக் கை இருக்குத்தானே. அங்காலை உருண்டு வந்த காரின்ரை மேல்மூடியைக் கழட்டினால், உள்ளுக்கை சின்னக் கறுப்புப் பெட்டி ஒண்டு இருக்கும். அதிலை கடலை அளவிலை ஒரு பொத்தான்...

மாக்கிறேற்: உதெல்லாம் எனக்கென்னத்துக்கு? காரைத் தூக்கி வேலிக்கு மேலாலை எறியிறன். ஆற்றை சாமானோ, அவை பிடிக்கட்டும்.

யாக்கோப்பு: ஐயோ அக்கா, எறிஞ்சு போடாதை!

மாக்கிறேற்: என்ன சொன்னனி?

யாக்கோப்பு: எறிய வேண்டாம் எண்டனான்.

மாக்கிறேற்: அதுக்கு முதல்.

யாக்கோப்பு: ஐயோ எண்டனான்.

மாக்கிறேற்: நாலு வருசத்துக்குப் பிறகு உன்ரை வாயிலை அக்கா எண்டு வந்திருக்கு. அதுவும் ஒரு விளையாட்டுக் காருக்காண்டி.

யாக்கோப்பு: சும்மா விளையாட்டுக் கார் இல்லை. நோர்வேயிலை இருந்து என்ரை பெடியன் கொண்டு வந்தது. றிமோட்டிலை ஓடும். கல்லு, பாறை எல்லாம் ஆமை மாதிரி ஏறும். தன்ரை தங்கச்சியின்ரை கலியாணத்துக்கு வந்தவன், பெட்டிக்கை உடுப்பைவிட இதைத்தான் பத்திரமா வைச்சிருந்தவன்.

மாக்கிறேற்: றொஜன் வந்ததும் தெரியும், ஜெயந்தாவுக்குக் கலியாணம் எண்டும் தெரியும். மூண்டு ஞாயிறு கோயில் பூசையிலை கலியாண ஓலை வாசிச்சவை. தடை ஏதும் இருந்தால் சொல்லச் சொல்லிப் பங்குச் சுவாமி கேட்டவர்.

யாக்கோப்பு: நீ எழும்பேல்லை.

மாக்கிறேற்: எழும்பேல்லை. அதையே ஒரு உபகாரமெண்டு வை. மாமியெண்டு நான் ஒருத்தி பக்கத்து வளவிலை உயிரோடை இருக்கிறன்... மருமேளின்ரை கலியாணத்தை மைக்கிலை கேட்டு அறிய வேண்டிக் கிடக்கு. வீட்டை வந்து வாயாலை ஒரு சொல்லுச் சொல்ல ஆளில்லை.

யாக்கோப்பு: என்ரை வளவை மிதிக்காதை எண்டு சொன்னது ஆர்?

மாக்கிறேற்: செத்தாலும் மிதிக்கமாட்டன் எண்டு கோயில் வாசலிலை நிண்டு கத்தினது ஆர்?

யாக்கோப்பு: வேலியை ஒரு முழம் தள்ளிக் கட்டிப்போட்டன் எண்டு நெடுந்தீவு முழுக்கச் சொல்லித் திரிஞ்சது ஆர்?

மாக்கிறேற்: தள்ளித்தானே கட்டினனி!

யாக்கோப்பு: மழைக்கு விழுந்த கல்லை விழுந்த இடத்திலைதான் அடுக்கினனான்.

மாக்கிறேற்: விழுந்த இடம் என்ரை பக்கமடா!

அன்ரனிட்டா: இஞ்சருங்கோ! ஆரோடை உந்தச் சத்தம்?

யாக்கோப்பு: காரோடை!

அன்ரனிட்டா: கார் திருப்பிக் கதைக்குதோ?

யாக்கோப்பு: நீ குசினியைப் பார், மனுசி!

மாக்கிறேற்: பெண்டிலுக்கு ஏன் பொய் சொல்லுறாய்?

யாக்கோப்பு: உன்னோடை கதைக்கிறன் எண்டால் அவள் கரண்டியோடை ஓடி வந்திடுவாள். பேந்து எனக்குக் கதைக்க இடம் கிடையாது.

மாக்கிறேற்: ம்... என்ன பலகாரம் சுடுறாள்?

யாக்கோப்பு: பயத்தம்பணியாரம்.

மாக்கிறேற்: எண்ணெய் கூடக் காயுது. இஞ்சை வரைக்கும் மணக்குது. ...சரி, மூடி கழட்டியாச்சு. பொத்தான் தெரியுது.

யாக்கோப்பு: கேள். றொஜன் யாழ்ப்பாணம் போட்டான், பின்னேர லோஞ்சிலை கடலாலை வருவான். கேக்காமல் எடுத்தனான், அவன் வரமுதல் கார் மேசையிலை நிக்கவேணும். பொத்தானை அமத்திப் பிடி. பச்சை லைற் போய்ச் சிவப்பு வந்த உடனை கையை எடு. பேந்து தட்டத் தட்ட மினுங்கும். ஒருக்கா மினுங்கினால் பிறேக் இல்லை. ரெண்டுதரமெண்டால் பாதிப் பிறேக். மூண்டுதரமெண்டால் முழுப் பிறேக்.

மாக்கிறேற்: எனக்கு எத்தினை வேணும்?

யாக்கோப்பு: ரெண்டு. முழுசா வைச்சால் இறங்கேக்கை தலைகுத்தி விழும்.

மாக்கிறேற்: உன்னை மாதிரி.

யாக்கோப்பு: அமத்தனக்கா.

மாக்கிறேற்: அமத்தியாச்சு... சிவப்பு வந்திட்டுது... ஓம். ரெண்டு மினுங்கினது.

யாக்கோப்பு: விடு, தொடாதை. நான் இஞ்சை றிமோட்டிலை விசையைப் பின்னுக்கு இழுத்தால்தான் அது மனசிலை வைக்கும். ...சரி. மூடியைப் போட்டுக் கல்லடியிலை வை. ஏத்துறன், பார்.

மாக்கிறேற்: அட... ஏறுதடா! முன் சில்லு ஒரு கல்லிலை, பின் சில்லு ஒரு கல்லிலை... நண்டு மாதிரி!

யாக்கோப்பு: இப்ப பிறேக்கைப் பாக்க விசையை விடுறன்; நிண்டால்தான் இஞ்சாலை உடையாமல் இறக்கலாம். நிக்கவேணும்.

மாக்கிறேற்: நிக்கேல்லை. வழுக்கி வந்திட்டுது.

யாக்கோப்பு: சீ... ரெண்டு காணாது போலை. மூண்டு வை.

மாக்கிறேற்: மாப்பிள்ளை எந்தப் பக்கத்துப் பெடியன்?

யாக்கோப்பு: மண்டைதீவு. முதல் மூண்டை வை.

மாக்கிறேற்: வைக்கிறன், நீ சொல்லு. என்ன வேலை?

யாக்கோப்பு: சங்கக் கடையிலை மனேச்சர். நல்ல பெடியன். கொஞ்சம் கட்டை.

மாக்கிறேற்: எங்கடை பெட்டையும் கட்டைதானே. ...மூண்டு மினுங்கினது.

யாக்கோப்பு: ஏத்துறன்... விடுறன்...

மாக்கிறேற்: திரும்பியும் வழுக்கி வந்திட்டுது.

யாக்கோப்பு: முழுப் பிறேக்கிலையுமோ? சீமெந்துக் கட்டுச் சுவரிலைகூட நிண்ட காரக்கா இது!

மாக்கிறேற்: என்னைக் கேட்டால்? நான் மீன் வெட்டுறவள். ...கூறைச் சேலை ஆர் எடுத்தது?

யாக்கோப்பு: அன்ரனிட்டாவும் தமக்கையும் போய் எடுத்தவை. இன்னொருக்கா அமத்து. வடிவா எண்ணு.

மாக்கிறேற்: என்ன நிறம்?

யாக்கோப்பு: வெள்ளைதான். கரை மாத்திரம் தங்க நிறம். ஜெயந்தா உனக்குக் காட்டவேணும் எண்டு ஒரே ஆய்க்கினை.

மாக்கிறேற்: ...அப்பிடிச் சொன்னவளோ?

யாக்கோப்பு: ஒவ்வொரு நாளும்.

மாக்கிறேற்: ...மூண்டு. மூண்டு மினுங்கினது. ஏத்து.

யாக்கோப்பு: ஏத்துறன்... விடுறன்... நிண்டிட்டுதோ?

மாக்கிறேற்: இல்லை அப்பன். என்ரை காலடியிலை வந்து கிடக்கு.

யாக்கோப்பு: விசர்க் கார்!

மாக்கிறேற்: விடடா. வேலி என்ரை நெஞ்சளவுதானே. கையை நீட்டு, தூக்கித் தாறன்.

யாக்கோப்பு: வேண்டாம், வேண்டாம்! பிறேக் சரிவந்தால் தானா ஏறி வரும்.

மாக்கிறேற்: யாக்கோப்பு.

யாக்கோப்பு: என்ன?

மாக்கிறேற்: உன்ரை வளவிலை இல்லாத கல்லோ? இந்த வேலியின்ரை உச்சிக்குக் கொண்டு வந்து ஏன் விசையை விட்டனி?

யாக்கோப்பு: பிறேக் பிடிக்கேல்லை...

மாக்கிறேற்: முப்பது வருசம் வள்ளத்து எஞ்சின் பூட்டிக் கழட்டினவன் நீ. பிறேக் இல்லாததைப் பாக்காமலோ ஏத்தினனி? சொல்லு.

யாக்கோப்பு: நான்தான் ஒண்டிலை வைச்சனான்.

மாக்கிறேற்: ஓ.

யாக்கோப்பு: கார் உன்ரை பக்கம் உருண்டால், எடுத்துக்கொண்டு என்ரை படலையடிக்கு வருவாய்... வந்தால் உள்ளை கூப்பிட்டுச் சொல்லுவம் எண்டு... நீ என்னடாவெண்டால் அசையாமல் அங்கையே நிக்கிறாய்.

மாக்கிறேற்: என்னத்தைச் சொல்ல?

யாக்கோப்பு: புதன்கிழமை காலமை பத்து மணிக்குப் பூசை. அக்கா, நீ வராட்டி...

மாக்கிறேற்: நிப்பாட்டு! வேலிக்கு மேலாலை சொல்லுறதோ கலியாணம்? வீட்டை வந்து, கதிரையிலை இருந்து, வாயாலை சொல்லுறதுதான் முறை.

யாக்கோப்பு: எப்பிடி வாறது? ஊருக்கு முன்னாலை சொல்லிப்போட்டன், மிதிக்கமாட்டன் எண்டு. சொன்ன வாய்க்கு நானாப் படலை திறந்து வர ஏலாது. நீ கூப்பிட்டால்தான்...

மாக்கிறேற்: அதுவும் நானோ கூப்பிடவேணும்?

யாக்கோப்பு: சரி, கூப்பிடவும் மாட்டாய். கார்ப் பிறேக்கையாவது சரிப்பண்ணுவம். பகல் முழுக்க இதிலையே போகுது. முழுப் பிறேக் வைச்சும் ஏனக்கா நிக்குதில்லை?

மாக்கிறேற்: எப்பிடி நிக்கும்? மூண்டு தரமும் ஒண்டிலைதான் விட்டனான். நீ சொன்ன மாதிரி வைச்சிருந்தால், முதல் தரத்திலையே கார் ஏறி அங்காலை வந்திருக்கும், நீயும் தூக்கிக்கொண்டு போயிருப்பாய். ...கார் இஞ்சைதான் நிக்கும், நான் தரமாட்டன். வாடா, வந்து எடுத்துக்கொண்டு போ. படலைக்குக் கொக்கி கொளுவேல்லை.