சப்பாத்து போட்டு நடந்த ஞாயிறு

இப்போது எண்ணெய் எடுக்கிற செம்பனை நிற்கிற இடமெல்லாம் ரப்பர் நின்ற காலம் அது. மலாய் நாட்டுப் பேராக்கில், காட்டை ஒட்டி, மேட்டுத்தோட்டம் என்று ஒரு தோட்டம். வெள்ளைக்காரத் துரை வைத்த பேர் வேறு. நம் ஆட்கள் சொன்னது மேட்டுத்தோட்டம். அந்தத் தோட்டத்தில் ஞானசிகாமணி என்று ஒரு டிரசர் இருந்தாராம்.

டிரசர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவர், புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர். சொந்த ஊர் சாயர்புரம் பக்கம். கப்பலேறி வந்தவர்கள் காசு சேர்த்தார்கள், நகை சேர்த்தார்கள். இவர் பட்சி பார்த்தாராம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் காட்டு ஓரம் போவார். கடைசி ரப்பர் நிரையில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே நுழைவார். வெள்ளைச் சட்டை போட மாட்டார். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துத்தான் அடி எடுத்து வைப்பார். ஒரு பட்சி தன்னைக் கண்டு பயந்து பறந்தால், அன்றைக்கெல்லாம் முகம் வாடியிருக்குமாம்.

வேதக்கோயில் ஆராதனையில், ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்லும் நேரம் வரும். ஒருவர் காய்ச்சல் விட்டதைச் சொல்வார். ஒருவர் ஊரில் அம்மா சுகமானதைச் சொல்வார். ஞானசிகாமணி எழுந்து, அந்த வாரம் பார்த்த பட்சியைச் சொல்வார். அது எப்படிக் கத்தும், பயந்தால் எப்படிக் கத்தும் என்று வாயால் செய்து காட்டுவார். பிள்ளைகள் சிரிக்கும், பெரியவர்களும் சிரிப்பார்கள். "டிரசர் ஐயா இந்த வாரம் யாரைக் கூட்டிட்டு வந்திருக்காரு?" என்று பின்வரிசையில் கேட்பார்களாம்.

அவர் மனைவி அன்னப்பழம் வாய்க்காரி. "வீட்டுக் கோழி எங்க முட்டையிடுதுன்னு பார்க்க ஆளில்ல. காட்டுல இருக்கிறதுக்கு விசாரிப்பு" என்பாளாம்.

அவர் சொல்வாராம்: "பட்சிகளைப் பாருங்கன்னு ஆண்டவர் சொன்னாரு. பார்க்கத்தான சொன்னாரு அன்னம், அது ஒண்ணுதான் நம்மால ஒழுங்கா செய்ய முடியும்."

ஒரு விஷயத்தில் மட்டும் கறார். பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டார். "மரங்கொத்தியா, டிரசர் ஐயா?" என்று கேட்டால், "வால்தான் பார்த்தேன், தலையைப் பார்க்கல" என்பார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

அவரோடு காட்டுக்குப் போன ஒரே ஆள் வேதமுத்து. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவன். மனைவி பேர் சீயோனம்மாள். வேதமுத்துவை அவர் மலை முகட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குவாங் களத்தைக் காட்டினாராம்.

குவாங் என்று மலாய்க்காரர்கள் சொல்வது மயில் மாதிரி பெரிய பட்சி. நீளச் சிறகு, சிறகு நிறையக் கண். ஆண் குவாங் காட்டுக்குள் ஒரு களம் வைத்திருக்கும். விழுகிற இலையை ஒவ்வொன்றாகக் கொத்தி எடுத்து வெளியே போடும். தரை பெருக்கினது போல் இருக்கும். அங்கே நின்று தன் ஜோடியைக் கூப்பிடும். மனித வாடை பட்டால் களத்தை விட்டுவிடும். "நம்ம கோயிலப் பெருக்குறவரைவிட இது சுத்தம்" என்று ஞானசிகாமணி சாட்சியிலேயே சொல்லியிருக்கிறார். கோயில் பெருக்குகிறவர் ஒரு மாதம் அவரோடு பேசவில்லையாம்.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான்.

துரைமார் ஓடினார்கள். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்தான். தோட்டம் தோட்டமாக லாரி வந்தது. போனவர்களில் திரும்பி வந்தவர்களைப் பார்த்தவர் இல்லை. இளவட்டங்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். வேதமுத்துவும் காணாமல் போனான். கேட்டால், "தைப்பிங்குல வேலைக்குப் போயிருக்காரு" என்று சீயோனம்மாள் சொன்னாள். எல்லாரும் சரி என்றார்கள். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஞானசிகாமணியும் கேட்கவில்லை. அவர் அதை அப்படியே நம்பிவிட்டாராம். அப்படிப்பட்ட மனுஷன்.

ஒரு ஞாயிறு அசன விருந்து. இன்றைக்கு நாம் பந்தி போடுகிறோமே, இதே பண்டிகைதான். அரிசி கிடைக்காத காலம், மரவள்ளிக்கிழங்கைத்தான் அவித்து வைத்திருந்தார்களாம். ஆராதனைக்கு வந்தவர்களில் தங்கையாவும் ஒருவன். ஜப்பான்காரனுக்குத் துபாசியாக இருந்தவன், ஞானஸ்நானம் பெற்றவன்தான். சாட்சி நேரம் வந்தது. ஞானசிகாமணி எழுந்தார்.

முகம் சரியில்லை. சொன்னாராம்: "குவாங் களத்தை விட்டுருச்சு. நேத்து தூரத்துல இருந்து பார்த்தேன். இலை மூடிக் கிடக்கு. பன்னி புகுந்துச்சா, மனுஷன் புகுந்தானான்னு தெரியல. மனுஷ நடமாட்டம் இருந்தாத்தான் அது இப்படி விடும். நீங்கள்லாம்..."

ஜெபம் பண்ணுங்கள் என்று சொல்ல வந்தவர். சொல்லி முடிக்கவில்லை. சீயோனம்மாள் பெண்கள் பக்கத்தில் எழுந்து, முறையில்லாமல், பெருங்குரலில் ஒரு கீர்த்தனையை எடுத்துவிட்டாள். சபை திகைத்தது, பிறகு சேர்ந்து பாடியது. ஞானசிகாமணி கோபத்தோடு உட்கார்ந்தார். பாட்டு முடிந்து திரும்பிப் பார்த்தால், தங்கையா இருந்த இடம் காலி. வெளியே சைக்கிள் இல்லை.

சீயோனம்மாள் அவர் முன்னால் வந்து நின்றாளாம்.

"அண்ணே, அங்க இருக்கிறது பன்னி இல்ல. எங்க வீட்டு ஆளு. வேற ரெண்டு பேரும் இருக்காங்க. சுத்தமான இடம், காய்ஞ்ச இடம், டிரசர் ஐயாவத் தவிர யாருக்கும் தெரியாதுன்னு உங்களை நம்பித்தான் போனாங்க."

யாராவது ஓடிப்போய்ச் சொல்லலாம் என்றார்கள். அதற்குள் லாரிச் சத்தம் கேட்டுவிட்டது.

அதிகாரி இறங்கினான். பட்டாளம் இறங்கியது. காட்டு ஓரம் காவல் நின்றது. சபையைக் கோயிலுக்குள் போட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஞானசிகாமணியை வாசலில் நிறுத்தினார்கள். அதிகாரி பேசினான், தங்கையா தமிழில் சொன்னான். களத்தைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கோயிலுக்குள் இருக்கிற ஆண்கள் அத்தனை பேரும் இன்றைக்கே சயாம் லாரியில் ஏற வேண்டும்.



"காட்டுறேன்" என்றார் ஞானசிகாமணி.

உள்ளேயிருந்து சீயோனம்மாள் கத்தினாள். என்ன கத்தினாள் என்பதைக் கோயிலில் வைத்துச் சொல்லக் கூடாது.

சிப்பாய் ஒருவன் கூட வர, அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வந்தபோது வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். காலில் ஆணி அடித்த சப்பாத்து. வாசல்படியில் உட்கார்ந்து நிதானமாகக் கயிற்றை இறுக்கினார். மேற்குச் சன்னல் வழியே எல்லாரும் பார்த்தார்கள். பெண்கள் அழுதார்கள். அன்னப்பழம் மட்டும் அழவில்லையாம். அந்தச் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"அழுகையை நிறுத்துங்கடி" என்றாளாம். "காது குடுத்துக் கேளுங்க."

அவர் முன்னால் போனார், பட்டாளம் பின்னால் போனது. ஜப்பான் சிப்பாய்க்கு ரப்பர் அடி வைத்த துணிச் சப்பாத்து, நடந்தால் பூனை நடந்த மாதிரி இருக்கும். இவர் சப்பாத்து மட்டும் கல்லில் டக், டக் என்று விழுந்தது. காட்டு ஓரத்தில் அதிகாரி நின்று, குனிந்து அந்தச் சப்பாத்தைப் பார்த்தானாம். இது பின்னால் தங்கையா வாயிலிருந்தே வெளிவந்தது. கழற்று என்று சொல்வான் என்றுதான் தங்கையா நினைத்தானாம். ஞானசிகாமணி பக்கத்து இலையைத் திருப்பிக் காட்டினார். இலைக்கு அடியில் அட்டை நெளிந்தது. அதிகாரி தலையை ஆட்டினான், நட என்றான்.

இங்கே கோயிலுக்குள் என்ன நடந்தது தெரியுமா?

முதலில் கொண்டைக்குருவி கத்தியது, அதுவும் பயந்த கத்தல். "நிரையைத் தாண்டிட்டாரு" என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மீன்கொத்தி கிறீச்சிட்டுப் பறந்தது. "ஆத்துல இறங்கிட்டாரு." பிறகு கரிச்சான், ஒன்று, அதைக் கேட்டு இன்னொன்று. "சரிவு ஏறுறாரு." வருஷக்கணக்காகச் சிரித்துக்கொண்டே கேட்ட சாட்சி. அவர் எங்கே போகிறார் என்பது சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர்களுக்கும் தெரிந்ததாம். காற்றுக்கு முதுகைக் காட்டி, வெள்ளைக் கோட்டோடு, திறந்த வழியாகப் போகிறார். ஒரு பட்சியும் பறந்துவிடக் கூடாது என்று பழகின மனுஷன், அன்றைக்கு ஒன்றையும் விடாமல் எழுப்பிக்கொண்டு போகிறார்.

கடைசியாக இருவாட்சி கிளம்பியது. அதன் சிறகுச் சத்தம் நீராவி எஞ்சின் மாதிரி முகட்டுக்கு மேலே போனது. யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. அது முகடு.

அதற்குப் பிறகு காடு அடங்கிவிட்டது. சுடுவார்கள் என்று காத்திருந்தார்கள். சீயோனம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அன்னப்பழம் அவள் கையைப் பிடித்து இறக்கினாள்.

வெடிச் சத்தம் வரவில்லை.

முகட்டில் களம் காலி. அடுப்புச் சாம்பல் மட்டும் சூடாக இருந்தது. எந்தப் பக்கம் போனார்கள் என்று அதிகாரி கேட்டான். "நான் பார்க்கல" என்றார் ஞானசிகாமணி. அடித்தார்கள். "பார்க்காததைச் சொல்ல மாட்டேன்" என்றார். மறுபடியும் அடித்தார்கள். அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்பதுதான் தங்கையாவைக் கடைசிவரை தூங்கவிடாமல் செய்ததாம்.

வெயில் இறங்கும் நேரம் அவரைக் கொண்டுவந்தார்கள். கோட்டு வெள்ளையாக இல்லை. சபையை விட்டுவிட்டார்கள், அவரை லாரியில் ஏறச் சொன்னார்கள். அன்னப்பழம் ஓடிவந்தாள். அவர் லாரி ஓரத்தில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்தாராம்.

"போட்டுட்டுப் போங்க, கால் கிழிஞ்சிரும்" என்றாள்.

"சயாம்லயும் காடுதான அன்னம்," என்றாராம். "பட்சி இருக்கும்."

லாரி போய்விட்டது. கோயில் கதவு திறந்தே கிடந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எழுந்து எங்கே போவது? முகட்டிலிருந்தவர்கள் தப்பினார்களா, விழுந்து செத்தார்களா, காவல்காரனிடம் மாட்டினார்களா என்று தெரியாது. விருந்துக் கிழங்கு ஆறிக் கிடந்தது. அப்படியே இருந்தார்கள்.

இருட்டுவதற்குச் சற்று முன்னால், மலை முகட்டிலிருந்து குவாங் கூப்பிட்டது. தன் களத்தில் நின்றா, வேறெங்கோ நின்றா, யார் கண்டது. ஆனால் கூப்பிட்டது. மனிதர் இருக்கிற பக்கம் அது கூப்பிடாது என்று அவர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் முகட்டில் இப்போது பட்டாளம் இல்லை, அடிபட்டுக் கிடக்கிறவனும் இல்லை. சீயோனம்மாள் முதலில் எழுந்தாள். பிறகு சபை எழுந்தது.

ஞானசிகாமணி திரும்பி வரவில்லை. எந்த இடத்தில் இறந்தார் என்றும் தெரியாது. சண்டை முடிந்து வேதமுத்து வந்தான், தாடியும் எலும்புமாக. அவன் சொன்னது இதுதான்: "ஆத்துலயே பட்சி கலைஞ்சுது. சப்பாத்துச் சத்தம் கேட்டுச்சு. டிரசர் ஐயா காட்டுக்குள்ள சப்பாத்து போட மாட்டாரே, போட்டா தனியா வரலன்னு அர்த்தம். ஓடிட்டோம்."

அந்த வேதமுத்துவின் மகன்தான் எங்கள் அப்பா. சண்டை முடிந்த பிறகு பிறந்தவர்.

நீங்கள் கேட்டீர்களே, ஆராதனை முடிந்து ஆசீர்வாதம் சொன்ன பிறகும் ஏன் எல்லாரும் எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருக்கிறீர்கள் என்று. அதற்குத்தான். வெளியே ஒரு பட்சி சத்தம் கேட்கிற வரைக்கும் இந்தச் சபை எழுந்திருக்காது. முகட்டில் இப்போது செம்பனை, குவாங் போய் ரொம்ப நாளாயிற்று. மைனா கத்தினாலும் போதும், காக்கை கத்தினாலும் போதும். மழை நாளில் வெகுநேரம் ஆகும். போன வருஷம் ஏசி போட்டோம். மிஷின் போட வந்த சீனன், ஒரு சன்னலைத் திறந்து வைத்தால் குளிர் நிற்காது என்று தலையில் அடித்துக்கொண்டான். சரி என்று கேட்டுக்கொண்டோம். மேற்குச் சன்னலை மட்டும் மூடவில்லை.