ஆற்றுத் திட்டின் ரோஸ்மேரி

— நில்லு! நகர்ந்தா சுட்டுடுவேன்! என் பொண்ணோட கல்லறைகிட்ட யாரது?

— சுட்டுத் தொலைக்காதே ஆர்லீனா! நான்தான், வெர்லின். மொதல்ல உன் நாயை என் கால்சட்டையை விடச் சொல்லு.

— வெர்லினா? விடுடா, நம்ம ஆளு! ஆமா, கையைப் பின்னால ஏன் மறைக்கிறே? காட்டு.

— ஒண்ணுமில்லே. புல்லு முளைச்சிருக்கேன்னு பிடுங்க வந்தேன்.

— ஊதா ஊதாவாப் பூக்கிற புல்லா? வாசனை இங்க வரைக்கும் தூக்குது. முழங்கால் வரைக்கும் ஈரம் வேற. நடு ஆத்துத் திட்டுக்குப் போயிருக்கே.

— நாளைக்குக் கல்லறை ஞாயிறாச்சே. ஊரே பூ வைக்கும்.

— ஊர் வைக்கிறது மெழுகுல முக்கின காகிதப் பூ. ஒரு வாரமா நானும் அதைத்தான் சுத்திக்கிட்டிருக்கேன், விரலெல்லாம் வெந்துபோச்சு. ஆனா ஒன்பது வருஷமா, முந்தின சனிக்கிழமை நான் மேட்டுக்கு ஏறி வர்றதுக்குள்ள, என் பொண்ணு லூடி தலைமாட்டுல இந்த ஆத்து ரோஸ்மேரி ஒரு கத்தை இருக்கும். யாரு, யாருன்னு தவிச்சுப்போயிட்டேன். இன்னிக்குத் திருடனைப் பிடிச்சாச்சு!

— ஆர்லீனா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு.

— நீ கேளு. அவளுக்கு இந்தப் பூன்னா உயிரு. கவுன் பை நிறைய ரொப்பிக்கிட்டு வருவா, அதைத் துவைக்கிற தண்ணியெல்லாம் மணக்கும். பக்கத்து வீட்டுக்காரன், உனக்கும் தெரியும். அவளைப் பெத்தவன், அவனுக்கும் தெரியும்.

— ஹோபர்ட்டுக்கு.

— அந்தப் பேரை இங்க சொல்லாதே! இந்தப் பூவைப் பறிக்கத்தானே அவளைப் படகுல ஏத்திக்கிட்டுப் போனான்? புள்ளையை ஆத்துக்குக் குடுத்துட்டுச் சொட்டச் சொட்ட வந்து நின்னான். 'இனிமே இந்த மூஞ்சியை என் கண்ணுல காட்டாதே'ன்னேன். மறுநாளே ஒஹையோவுக்குப் பஸ் ஏறிட்டான். டயர் ஃபேக்டரியில வேலையாம். அதுவும் ஊர்ல சொல்லித்தான் தெரியும்.

— காட்டாதேன்னே. அவன் காட்டலை.

— பெரிய வக்கீல் வந்துட்டாரு! பெத்தவ வயித்தெரிச்சல்ல ஆயிரம் சொல்லுவா. பொண்டாட்டி சொன்னதை அப்படியே கேக்கிற புருஷனை நீ எங்கயாவது பார்த்திருக்கியா? ரெண்டு வருஷம், பஸ் சத்தம் கேட்டாப் போதும், மாவுக் கையோட வாசலுக்கு ஓடினேன். அப்புறம்தான் கோர்ட்டுக்குப் போய் விவாகரத்து எழுதி வாங்கினேன்.

— எனக்குத் தெரியாதா?

— சரி, பழசு போகட்டும். கிறிஸ்துமஸ் அன்னிக்கு நீ கேட்டியே, அதுக்குப் பதில் சொல்றேன். உன்னைக் கட்டிக்கிறேன். நாளைக்குப் பூ வெச்சு முடிச்சு ஊரே இங்க சேர்ந்து சாப்பிடுறப்போ, பாதிரியார் கோழித் தொடையில வாய் வைக்கிறதுக்கு முன்னாடி, எல்லார் முன்னாலயும் சொல்லிடுறேன்.

— நாலு வருஷமா இந்த வார்த்தைக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன்.

— அதுக்கு மூஞ்சியை இப்படியா வெச்சுப்பாங்க?

— எதுக்காக என்னைக் கட்டிக்கிறே ஆர்லீனா?

— பின்னே, உன் அழகுக்கா? இந்தப் பூவுக்காகத்தான். என் குழந்தையை என்னை மாதிரியே மறக்காம ஒரு ஜீவன் இருக்கேன்னு, அது யாருன்னே தெரியாம, அதுக்காக ஏங்கிக் கிடந்தேன் வெர்லின். அது நீதான்னு உன் வாயால ஒரு தடவை சொல்லு. எனக்கு அது போதும்.

— மார்ச் வெள்ளத்துல திட்டு மொத்தமும் மூழ்கிச்சு. செடியெல்லாம் போச்சுன்னுதான் நெனச்சேன். இன்னிக்குப் பார்த்தா, கூழாங்கல்லுக்கு அடியில அமுங்கின கிளை ஒவ்வொண்ணும் அங்கங்கே வேர் பிடிச்சு, முழங்கால் உசரத்துக்குப் பூத்து நிக்குது.

— செடியைப் பத்தி யாரு கேட்டா? ஆமாவா, இல்லையா?

— தலையை ஆட்டினாப் போதும், நீ எனக்குத்தான். அது தெரியாமலா இருக்கேன்? ஆனா முடியலையே.

— என்ன முடியலை? என்னை ஏன் இப்படிப் பயமுறுத்துறே?

— உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு பைபிள் மேல என் கையை வெச்சு சத்தியம் வாங்கியிருக்கான்.

— யாரு?

— வருஷா வருஷம் அவனேதான் பறிச்சு, அவனேதான் இந்த மேட்டுல ஏறி வெச்சுட்டுப் போவான், படகு மட்டும்தான் என்னுது. இந்த வருஷம் மூச்சு இரைச்சு ஏற முடியலை, கீழே படகுல உட்கார்ந்திருக்கான், ஆர்லீனா.